பதினேழு லிஃப்ட்களில் பேசிய மகள்

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் வீட்டில் பேசியது எதுவும் வீட்டில் கேட்கவில்லை. அவர் பராமரித்து வந்த பதினேழு லிஃப்ட்களிலும் கேட்டது. பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த வாரத்தில் இது தொடங்கியது. சாப்பாட்டு மேசையில் அவள் வாய் மட்டும் அசையும். அதே நேரம் கண் மருத்துவமனை லிஃப்டில், "மூன்றாம் தளம்" என்ற அறிவிப்பை அடுத்து, "எனக்கு சவுண்ட் ரெக்கார்டிங்தான் படிக்கணும்" என்று வரும். நோயாளிகள் மூன்றாம் தளத்தில் இறங்கிப் போனார்கள்.

அவள் குரல் போனதை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. பேசி முடிக்க அவர்களுக்கே நேரம் போதவில்லை. ஊடகம் படிக்கட்டும் என்பதுவரை எல்லாரும் ஒரே கட்சி. அதில் எது என்பதில்தான் குடுமிப்பிடி. அப்பாவுக்கு இதழியல், பிரஸ் அட்டையைக் காட்டினால் எங்கேயும் உள்ளே விடுவார்களாம். அம்மாவுக்குச் செய்தி வாசிப்பு, சொந்தக்காரர்கள் பார்க்க வேண்டும். இருபது வருடமாகக் கதவுக் கைப்பிடி விற்றும் தேறாத சித்தப்பா விளம்பரத் துறை என்றார். கல்லூரிக் கையேட்டில் பதினோரு படிப்புகள். பதினொன்றுக்கும் கேமராவுடன் சிரிக்கும் அதே பெண்தான் படம். ஒலிப்பதிவு கடைசிப் பக்கத்தில், விடுதி விதிகளுக்கு மேலே இருந்தது.

புகார்கள் வந்தன. மெக்கானிக்குக்கு லிஃப்டில் குரல் என்றால் பழுது. பதினேழு ஸ்பீக்கர்களையும் மாற்றினார், பிறகு வயர்களை மாற்றினார். "எங்கேயோ ரேடியோ புடிக்குதுப்பா" என்றார்.

"சார், 'அப்பா, வெள்ளிக்கிழமை கடைசித் தேதி'ன்னு சொல்லுது" என்றார் மருத்துவமனை செக்யூரிட்டி. "ரேடியோவுக்கு ஏது சார் அப்பா?"

வியாழக்கிழமை, ஐந்தாம் தளத்துக்கும் ஆறாம் தளத்துக்கும் நடுவே, மருத்துவமனை லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்து ஸ்பீக்கர் வயரை வெட்டினார். வெட்டிய பிறகும் குரல் வந்தது. மகள் குரல் போலிருக்கவே வீட்டுக்குப் போன் போட்டார். மகள் எடுத்தாள். போனில் சத்தமில்லை, பதில் காலடியில், லிஃப்டுக்குள்ளிருந்து வந்தது.

"சவுண்டு படிச்சவனுக்கு யாரும்மா வேலை குடுப்பான்?"

"மொதல்ல நீங்க மாட்டின ஸ்பீக்கரைக் கழட்டுங்கப்பா. தகர டப்பாக்குள்ள பேசுற மாதிரி இருக்கு. பழசே தேவல."

பழைய ஸ்பீக்கர் பையிலேயே இருந்தது. மாட்டிக் கேட்டார். பழசு தேவலாம்தான். தொழிலில் தன் தவறை ஒருவர் சரியாகச் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. அந்த ஒரு நல்ல குணம் அவரிடம் இருந்தது. குறுக்கே பேச அந்தக் கூரைமேல் வேறு யாரும் இல்லாததால் மீதியையும் கேட்டார். வெள்ளிக்கிழமை மாலை மூன்றே முக்காலுக்கு, ஒரே படிப்பு எழுதிய விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அம்மா ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. சித்தப்பா மட்டும் நிறுத்தவே இல்லை.

அவள் மூன்று வருடம் படித்தாள், வேலைக்கும் போனாள். குரல் வீட்டுக்குத் திரும்பவில்லை. சாப்பிட்டாயா என்று அம்மா வீட்டில் கேட்டுவிட்டு, பதிலுக்குப் பஸ் ஏறிக் கண் மருத்துவமனைக்குப் போவார். அவர் போய்ச் சேரும்வரை மகள் பதிலை வைத்திருப்பாள். மூன்றாம் தளம் தாண்டியதும், "சாப்பிட்டேம்மா" என்று வரும். கீழே கூட்டமாக இருந்தால் படியேறி, லிஃப்டுக்காக இரண்டாம் தளத்தில் காத்திருப்பார்.