பதினான்காம் எண் வீட்டுச் சாமான்கள்

"அண்ணே, கட்டிலை இன்னும் கொஞ்சம் சுவரோரமா நகத்துங்க. மெஷின் உள்ள வரமாட்டேங்குது."

வாசலில் நின்று கத்தியவள் எதிர்வீட்டுத் தையல்காரி. கட்டிலில் கிடந்தவரோ இடுப்பெலும்பு முறிந்து நான்கு மாதமாகப் புரண்டுகூடப் படுக்க முடியாதவர். அவரைப் போய்க் கட்டிலை நகர்த்தச் சொல்கிறாள். அவசரம் வந்துவிட்டால் எதிரில் கிடப்பது ஆளா சாமானா என்று சிலருக்குக் கண் தெரிவதில்லை.

அவர் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிலைத் தள்ளினாள். "மெதுவா, மெதுவா" என்று அவர் முனகினார். சலவை மெஷின் உள்ளே வந்தது. அதன் பின்னால் வாட்ச்மேன் தன் ஃபிரிட்ஜை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தான். திரும்பப் போய்ப் பெரிய டிவி ஒன்றையும் தூக்கிவந்து ஃபிரிட்ஜின் மேல் சாய்த்து வைத்தான். படுக்கை, சமையல், சாப்பாடு எல்லாம் ஒரே அறையில் நடக்கிற வீடு அது. இப்போது நடக்கவே இடமில்லை.

வருஷத்துக்கு இரண்டு முறை அந்தத் தெருவில் இந்த ஊர்வலம் நடக்கும். நலத்துறையிலிருந்து ஆய்வுக்கு ஆள் வருவார். உதவித்தொகை வாங்குகிற வீட்டில் சலவை மெஷின், ஃபிரிட்ஜ், பெரிய டிவி ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே அது வசதியான குடும்பம்; உதவி ரத்து. ஏழை வீடு என்றால் காலியாக இருக்க வேண்டும் என்று எந்த மேசைக்குப் பின்னாலோ உட்கார்ந்து ஒரு மகராசன் முடிவு செய்திருந்தான். அந்த அலுவலகத்துப் பியூன் வாட்ச்மேனுக்குப் பழக்கம். அவன் முந்தின நாளே தகவல் சொல்லிவிடுவான். சாமான்கள் பதினான்காம் எண் வீட்டுக்கு வந்துவிடும். அது உதவி வாங்காத வீடு. அங்கே யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள்.

பதினான்காம் எண்காரியைத் தெருவே லாண்டரி அக்கா என்று கூப்பிடும். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைப் பிரிவில் அவளுக்கு வேலை. அறை உயரத்துக்கு நிற்கிற மெஷின்களில் ஊரான் படுத்த விரிப்புகளைப் போட்டு எடுத்து, மடித்து, அடுக்கிப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது. சம்பளம் வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாக இருந்தது. ஆனால் அவள் நாக்கு பணக்கார நாக்கு. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க நிற்கும்போதெல்லாம் தையல்காரியையும் வாட்ச்மேன் பெண்டாட்டியையும் வைத்து வாங்குவாள்.

"உழைச்சுத் திங்கிற உடம்பு இது. ஓசிக் காசு எனக்குச் செரிக்காது. கையும் காலும் கல்லு மாதிரி வச்சுக்கிட்டுக் கை நீட்டுறீங்களே, கூசலையா உங்களுக்கு?"

இதைச் சொல்லிவிட்டுத்தான் அவர்கள் சாமானை வாங்கி வைத்துக்கொள்வாள். வைத்துக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. தன் வீட்டுக் கதவுதான் தெருவிலேயே நேர்மையான கதவு என்பது போல.

வாட்ச்மேன் மெஷின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டிருந்தான்.

"லிஸ்ட்டுல யாரு யாரு பேரு இருக்காம்?" என்று லாண்டரி அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"எப்பவும் உள்ளதுதான். ஒன்பதும் பதினொண்ணும். ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன். வேற யாரும் இல்லையே?"

"வேற யாரு இருக்கா? உனக்குத்தான் ஓசிக் காசு செரிக்காதே" என்று தையல்காரி சிரித்தாள். வாட்ச்மேனும் சிரித்தான். இருவரும் போய்விட்டார்கள்.

கதவு சாத்தியதும் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல. நாமளும் மனு போட்டிருக்கோம்னு ஒரு வார்த்தை."

"வாயை மூடுங்க. சுவருக்குக் காது இருக்கு."

"இந்த மாசத்துக்குள்ள வருவோம்னு லெட்டர் வந்திருக்கு. இன்னைக்கே வந்துட்டா?"

"லிஸ்ட்டுல நம்ம நம்பர் இல்லைன்னு இப்பத்தான கேட்டேன். காதுல விழலையா? சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. ஒரு பகல்."

அவர் கிடங்கில் மூட்டை தூக்கியவர். லாரிப் பலகை சறுக்கி விழுந்தார். நீ எங்கள் ஆள் இல்லை, ஒப்பந்தக்காரன் ஆள் என்று கிடங்கு முதலாளி சொன்னார். ஒப்பந்தக்காரன் போனையே எடுப்பதில்லை. ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் நடப்பார், தள்ளிப்போனால் கட்டில்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உதவி வாங்குகிறவர்களுக்குத் தரும் நலத்துறை அட்டை இருந்தால் ஆபரேஷன் இலவசம். இல்லையென்றால் அவளுடைய இரண்டு வருஷச் சம்பளம். அதனால்தான் ஓட்டலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு போய் மனு கொடுத்துவிட்டு வந்தாள். பதினாறு வருஷம் பேசிய பேச்சைத் தெருவில் போட்டு உடைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

பத்து மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். பளபளக்கும் ஷூ, தோளில் பை, கையில் படிவம் செருகிய அட்டை. ஒன்பதாம் எண்ணில் கால்மணி நேரம். பதினொன்றில் கால்மணி நேரம். லாண்டரி அக்கா ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கிளம்பிவிட்டார் என்று நினைத்தபோது நின்று, பையிலிருந்து இன்னொரு காகிதத்தை உருவினார். படித்தார். நிமிர்ந்து எதிர்ச்சாரி வீடுகளின் எண்களைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பியூன் பார்த்த லிஸ்ட்டில் பழைய ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். புது மனுக்களுக்குத் தனி லிஸ்ட் உண்டு என்பது அவனுக்குத் தெரியாது.

"பதினாலாம் நம்பர் இதுதானே? மனு போட்டிருக்கீங்க."

அவள் கதவை அரைவாசி திறந்தபடி நின்றாள். "ஆமா சார். அவரு தூங்குறாரு. நாளைக்கு வர்றீங்களா?"

"நாளைக்கு வேற தெரு" என்று சொல்லிக்கொண்டே அவர் உள்ளே வந்துவிட்டார். ஷூவைக் கழற்றவில்லை. நாற்காலியைக் கைக்குட்டையால் தட்டினார், அப்புறமும் உட்காரவில்லை. கட்டிலில் கிடந்தவரை ஒருமுறை பார்த்தார். அதைவிட நிதானமாக ஃபிரிட்ஜைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார். போர்வையின் நுனியை இரண்டு விரலால் தூக்கினார்.

"அடேங்கப்பா" என்றார். "எங்க வீட்டுலகூட இந்த மாடல் இல்ல."

"அது எங்களோடது இல்ல சார்."

"அப்போ யாரோடது?"

கதவு திறந்தே கிடந்தது. எதிரே தையல்காரி தன் வாசலில் நின்றாள். அதிகாரியின் குரல் அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும். அந்த மெஷினில் நாலு வீட்டுத் துணியைத் துவைத்துக் கொடுத்துத்தான் அவள் பெண்ணைப் படிக்கவைக்கிறாள். லாண்டரி அக்கா அவளையே பார்த்தாள். வாயைத் திறடி, ஒரு வார்த்தை சொல்லடி என்று கண்ணாலேயே கேட்டாள். தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் வாட்ச்மேன் வீட்டுக் கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

"சொல்லிடு" என்று கட்டிலிலிருந்து அவர் கெஞ்சினார். "உண்மையைச் சொல்லிடு."

அவள் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் இரண்டு வீடு போகும். அதைக்கூட அவள் பொறுத்துக்கொள்வாள். அவள் ஒன்றும் தியாகி இல்லை. ஆனால் போட்டுக்கொடுத்தவள் என்ற பேரோடு அந்தக் குழாயடிக்கு இனி எப்படிப் போவது? அதற்குள் அதிகாரியே பேசிவிட்டார்.

"யாரோடதுன்னு இந்தப் படிவத்துல கேள்வியே இல்லம்மா. வீட்டுல இருக்கா, இல்லையா? அவ்வளவுதான். இருக்கு." மூன்று கட்டத்திலும் டிக் அடித்தார். "இவ்வளவு வச்சுக்கிட்டுக் கை நீட்டுறீங்களே, கூசலையா? இதையெல்லாம் வித்தாலே வைத்தியம் பாக்கலாமே. உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நிஜமான ஏழைக்குப் போய்ச் சேர மாட்டேங்குது."

அவள் சொல். குழாயடியில் பதினாறு வருஷம் அவள் மற்றவர்களுக்குப் பரிமாறிய அதே சொல், ஷூ போட்டுக்கொண்டு வந்து அவள் வீட்டு நடுவில் நின்றது. அவளுக்கு உடம்பு எரிந்தது.

"சரி சார். எல்லாம் என்னோடதுதான். எழுதிக்குங்க."

"எழுதியாச்சு. இங்க ஒரு கையெழுத்து. நிராகரிச்ச மனுவுக்கு மறுபடி ஆறு மாசம் கழிச்சுத்தான் போடலாம்."

ஆறு மாதம். கட்டிலில் இருந்தவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் மூன்று சாமானின் பேருக்கும் கீழே கையெழுத்துப் போட்டாள். நகல் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அதிகாரி போனார்.

வெயில் தாழ்ந்ததும் தையல்காரியும் வாட்ச்மேனும் வந்தார்கள். இரண்டு பேருமே அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அக்கா, மெஷினை எடுத்துக்கறோம்" என்றாள் தையல்காரி.

"எந்த மெஷினு?"

"என்னக்கா இது? என் மெஷின்தான்."

"உன் மெஷினா? காலையில கேட்டாங்களே, அப்ப எங்க போச்சு உன் வாயி?" அவள் நகலை எடுத்து விரித்துக் காட்டினாள். "இதோ பாரு. சலவை மெஷின் ஒண்ணு, ஃபிரிட்ஜ் ஒண்ணு, டிவி ஒண்ணு. பதினாலாம் நம்பர் வீடு. கீழ அதிகாரி கையெழுத்து. அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்கு, இது என்னோடதுன்னு."

வாட்ச்மேனுக்குக் கோபம் வந்தது. "விளையாடாதக்கா. அது நான் தவணை கட்டி வாங்கின ஃபிரிட்ஜ்."

"அப்படியா? நாளைக்கு நலத்துறைக்குப் போ. அந்த ஃபிரிட்ஜும் டிவியும் என்னோடது, லாண்டரிக்காரி வீட்டுல மறைச்சு வச்சேன்னு எழுதிக் குடு. அந்த நிமிஷமே நானே தூக்கிட்டு வந்து உன் வீட்டுல வைக்கிறேன்."

அவன் பின்வாங்கினான். தையல்காரி மட்டும் விடவில்லை.

"நீ மனு போட்டிருக்கேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? சொல்லியிருந்தா நாங்க வேற எங்கயாவது கொண்டுபோய் வச்சிருக்க மாட்டோமா? ஓசிக் காசு செரிக்காதுன்னு எங்களைக் கேவலமாப் பேசிப் பேசியே, உன் புருஷன் காலை நீதான்டி முடக்கிப் போட்ட!"

லாண்டரி அக்கா நகலை மடித்து இடுப்பில் செருகினாள்.

"ஆமா, நான் சொல்லல. நீயும் சொல்லல. சொன்னவன் அந்த அதிகாரி ஒருத்தன்தான்; எழுதிட்டுப் போயிட்டான்" என்றாள். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

கட்டிலில் இருந்தவரிடம் போனாள். அவருக்கு அடியில் விரிப்பு நனைந்திருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து, மரத்துப்போன கையோடு அவள் அதைக் கல்லில் அடித்துத்தான் துவைப்பாள். இன்றைக்கு அவரை ஒருபக்கமாகச் சாய்த்து விரிப்பை உருவினாள். மெஷின் மேலிருந்த போர்வையை எடுத்து எறிந்தாள். குடத்துத் தண்ணீரை ஊற்றி, விரிப்பை உள்ளே போட்டு, மூடினாள். எந்தப் பொத்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"இதெல்லாம் வேணுமா நமக்கு?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"நாம வசதியான குடும்பங்க" என்றாள் அவள். "படுத்திருங்க."

மெஷின் சுழலத் தொடங்கியது. தகரமும் தரையும் அதிர அதிர அந்தச் சத்தம் எதிர்வீடு, பக்கத்து வீடு, தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அது யாருடைய மெஷின் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர்கூட வந்து கேட்கவில்லை.