சித்தப்பாவின் கழுத்துக்கு இரண்டு அளவு

சித்தப்பாவின் கழுத்து அறுபது பாகை திரும்பினால் அவர் பேருந்து ஓட்டலாம். திரும்பாவிட்டால், கழுத்தில் பாதிப்பு என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்து, பணிமனையில் உட்கார்ந்து செய்கிற வேலை கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனிப் படிவம். லாரி பின்னால் வந்து அவர் பேருந்தை இடித்தபோது இத்தனை வசதிகள் காத்திருப்பது அவருக்குத் தெரியாது.

அளந்தவன் நான். இயன்முறை மருத்துவம், இறுதியாண்டு. கோணமானியை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்த ஒரே மாணவன் என்று வகுப்பில் ஒரு பேச்சு உண்டு. பரப்பியவனும் நான்தான்.

காலையில் முதல் படிவம். தோள் கூடவே திரும்பிவிடாதபடி சித்தப்பாவை நாற்காலியோடு சேர்த்துப் பட்டையால் இறுக்கினேன்.

"டேய், கொஞ்சம் தளர்த்துடா. தோளும் கூட வந்தா பத்து பாகை சும்மா கிடைக்கும்."

"அது கழுத்து கணக்குல வராது சித்தப்பா."

"சின்ன வயசுல இந்தத் தோள்ல ஏறி உக்காந்தியே, அப்பல்லாம் கட்டியா போட்ட?"

"அளவுன்னா அளவுதான்."

மூன்று முறை அளந்தேன். ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு, ஐம்பத்திரண்டு. துறைத் தலைவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். சித்தப்பாவின் இருபத்திரண்டு வருட ஓட்டுநர் வேலை அதோடு போயிற்று. என் செய்முறைக் குறிப்பேட்டில் அளவீட்டுத் துல்லியத்துக்குப் பத்துக்குப் பத்து விழுந்தது.

இரண்டாம் படிவத்துக்குத் தலைவரே பார்க்க வேண்டும் என்பது விதி. மதியச் சாப்பாடு முடிந்து வந்தவரிடம் கோணமானியை நீட்டினேன்.

"முப்பது வருஷ அனுபவம்ப்பா. கண்ணு போதும்." வாசலில் நின்றபடியே கூப்பிட்டார். "ஐயா, இங்க பாருங்க!"

சித்தப்பா அப்போது உட்கார்ந்திருந்தது சுழல் நாற்காலியில். அவர் பணிவானவர், கூப்பிட்டதும் திரும்பினார். நாற்காலி அவரைவிடப் பணிவானது.

"எழுபது. பாதிப்பு இல்லைன்னு எழுது."

"சார், திரும்பினது நாற்காலி சார். காலையில ஐம்பத்திரண்டுதான்."

"காலையில விறைப்பா இருக்கும், போகப் போக இளகும். படிக்கலையா நீ?"

"பதினெட்டு பாகையா சார் இளகும்? பட்டை போட்டு இன்னொரு தடவை..."

"இவர் உனக்கு என்ன வேணும்?"

"சித்தப்பா சார்."

"அதானே பார்த்தேன்." சிரித்தார். "சொந்தக்காரங்களுக்காக அளவைக் குறைக்கக் கூடாது தம்பி."

காலையிலும் அவர் எனக்குச் சித்தப்பாவாகத்தான் இருந்தார்.

இரண்டு தாள்களையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சித்தப்பா நடந்தார்.

"அப்ப எனக்கு வண்டி ஓட்டுற அளவுக்குக் கழுத்து இல்ல. உக்கார வைக்கிற அளவுக்கு அது கெடவும் இல்ல. நல்லாத்தான் அளக்குறீங்கடா."

"ஓட்டுநர் படிவத்துக்கு மேல்முறையீடு பண்ணலாம் சித்தப்பா. நானே திரும்ப அளந்து..."

அவர் நின்றார். என்னைப் பார்க்க முதலில் கால் திரும்பியது, பிறகு இடுப்பு, பிறகு பட்டை பதிந்த தோள். கழுத்து கடைசியில் வந்தது.

"வேணாம்டா. நீ சரியா அளந்துடுவ."