இரண்டு பக்கமும் தலைமாடு

முப்பத்து நான்கு வருடம் கம்பெனி குவாட்டர்ஸில் இருந்தவனிடம் போய், உனக்கு எந்த மாதிரி வீடு வேண்டும் என்று கேட்கக் கூடாது. அவனுக்குத் தெரியாது. நெய்வேலியில் கதவு எங்கே, ஜன்னல் எங்கே, குழாய் எங்கே என்பதையெல்லாம் யாரோ முடிவு செய்து என் கையில் சாவியைக் கொடுத்தார்கள். நான் மைன்ஸில் கன்வேயர் பார்த்தேன், ஷிப்டு முடிந்து வந்தேன், குளித்தேன், தூங்கினேன். ரிட்டையர் ஆகும் வருடம், காடாம்புலியூர் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையில் வீடு கட்டலாம் என்று போனால் கொத்தனார் பிளான் கேட்டார். டேப்பை எடுத்து எங்கள் குவாட்டர்ஸையே அளந்து கொடுத்துவிட்டேன்.

சிரிக்க வேண்டாம். எங்கள் பிளாக்கில் இன்னும் மூன்று பேர் அதைத்தான் செய்தார்கள்.

என் மனைவி முனவரா அதில் ஒன்றே ஒன்றுதான் மாற்றச் சொன்னாள். பாத்ரூமைக் கொஞ்சம் நீளமாக்கி, படுத்துக் குளிக்க ஒரு டப். அவளுக்கு முதுகெலும்பில் தேய்மானம். சென்னையில் மகள் அப்சானாவின் பிளாட்டில் வெந்நீர் டப்பில் இருபது நிமிடம் கிடந்தவள், அன்றைக்கு மாத்திரை போடாமல் தூங்கினாள். இரண்டு வருடத்தில் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாய்விட்டு என்னிடம் கேட்டது அந்த டப் ஒன்றுதான். வாங்கித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

பண்ருட்டியில் ராயப்பன் கடைக்குப் போனோம். அவர் ஒரு டப்பைத் தட்டிக் காட்டினார்.

"சாய்வா இருக்குது பாருங்க பாய், அது தலைமாடு. நேரா இருக்கிற பக்கம் குழாய், ஓட்டை எல்லாம். அது கால்மாடு. ஒங்க வூட்டுல தண்ணி போற பைப் எந்தப் பக்கம் வச்சிருக்காங்க?"

"மேற்கே" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. குவாட்டர்ஸில் அது கிழக்கே இருந்தது. ஆனால் குவாட்டர்ஸ் வாசல் கிழக்கு, என் மனைக்கு வாசல் மேற்கு. அதே பிளானை அப்படியே திருப்பி வைத்ததில் கிழக்கே இருந்ததெல்லாம் மேற்கே வந்துவிட்டது. டைல்ஸ் ஒட்டி முடித்தாயிற்று.

முனவரா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "அப்ப கிப்லா பக்கம் காலை நீட்டிகினு படுக்கணும். வேணாங்க, போலாம்."

நாங்கள் தொழும் திசை மேற்கு. அந்தப் பக்கம் கால் நீட்டிக் கட்டில்கூடப் போடுவதில்லை. ஆனால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் மேல் வந்த கோபம், கத்தியது அவளிடம். கடையில் நின்றபடியே பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டு அவளிடம் கொடுத்தேன். வலிக்காகக் குளிப்பதில் குற்றமொன்றும் இல்லை என்று அவர் பொறுமையாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தாள்.

"அவரு சொல்றது சரிதான். ஆனா எங் காலு நீளாதுங்க."

"டப்பைத் திருப்பிப் போட்டு, கெழக்குக் கோடியிலேருந்து பைப்ப மேற்கே இழுக்க முடியாதா?" என்று ராயப்பனைக் கேட்டேன்.

"அவ்ளோ தூரத்துக்கு வாட்டம் கிடைக்காது பாய். தண்ணி நின்னுடும். தரையத்தான் ஒடைக்கணும்."

உடைத்துவிடலாம் என்று நான் சொல்லும்போது முனவரா கடையின் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தார்ப்பாய் போட்டு ஒரு டப் கிடந்தது. அவள் அதை விலக்கினாள்.

"இதுல தலைமாடு எது?"

"ரெண்டுமே தலைமாடுதாம்மா. ரெண்டு பக்கமும் சாய்வு, குழாயும் ஓட்டையும் நடுவுல. லாட்ஜுக்காரரு ஒருத்தரு ஆர்டர் கொடுத்துட்டு அப்புறம் வேணான்னுட்டாரு." சற்று யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "நடுவுலேருந்துன்னா வாட்டம் கிடைக்கும் பாய்."

முனவரா என்னைப் பார்த்தாள். நான் செருப்பைக் கழற்றினேன். இந்தக் கடையில் மேற்கு எது என்று விசாரித்து, தலையை அந்தப் பக்கம் வைத்து, நாலு வாடிக்கையாளர்கள் முன்னால் வெள்ளைச் சட்டையோடு தூசிக்குள் படுத்தேன். "காலு கெழக்கேதான்" என்றேன். "அப்ப சரி" என்றாள்.

பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். குடிபோன மறுநாள் காலை வெந்நீர் நிரப்பி, சுவரில் அடித்த கைப்பிடியைப் பிடித்து அவளை இறக்கிவிட்டு வெளியே வந்தேன். ஒரு நிமிடத்தில் அலறல் கேட்டது.

ஐந்தேகால் அடி ஆளான என்னைப் படுக்க வைத்துப் பார்த்து வாங்கிய டப் அது. முனவரா நாலே முக்கால் அடி. அவள் கால் எதிர்ச் சரிவுக்கு எட்டவில்லை. ஊன்ற இடமில்லாமல் வழுக்கி மூக்கு வரை மூழ்கியிருக்கிறாள். பதறிப் பிடித்ததில் முதுகு சுளுக்கி வலி இன்னும் கூடிவிட்டது. காலுக்குத் தடையாக பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டேன், மிதந்தது. செங்கல் வைத்தேன், அதுவும் நகர்ந்தது.

நைட்டி நனைந்து டப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தவள் மெதுவாகச் சொன்னாள்: "யாருக்காவது கொடுத்துடுங்க. எனக்குப் பழைய பக்கெட்டே போதும்."

எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மறு கோடியில் இறங்கி உட்கார்ந்தேன். குழாய் நடுவில் இருந்ததால் முதுகில் எதுவும் இடிக்கவில்லை.

"என்னங்க பண்றீங்க?"

"காலை எம் மேல ஊனிக்க."

அவள் தயங்கினாள். என் செருப்பைக்கூடக் காலால் தள்ளாதவள். பிறகு நான் உட்கார்ந்திருந்த தினுசைப் பார்த்து, "மொதல்ல நீங்க காலை மடக்குங்க. ஒங்களுக்கு மேற்கு இந்தப் பக்கம்" என்றாள்.

சம்மணம் போட்டேன். அவள் இரண்டு பாதங்களையும் என் தொடைகளில் வைத்தாள், பிறகு அழுத்தினாள். மெல்லச் சரிந்து சாய்ந்தாள். கழுத்து வரை நீர் வந்து அங்கேயே நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"இல்ல."

இரண்டு வருடமாக அந்தக் கேள்விக்கு நான் கேட்டிராத பதில். எனக்கு முட்டிக்குக் கீழே மரத்துப் போயிருந்தது. தண்ணீர் ஆறும் வரை நான் அசையவில்லை.