அட்டையில் இருந்தவள்

விடியுமுன்பே எங்கள் வீட்டுக்கு எதிரே இருக்கும் சலவைக் கம்பெனியில் நீராவி சீறத் தொடங்கிவிடும். ஊறிக் கனத்த விரிப்புகளை இருவர் இருவராகத் தூக்கி, பிழிந்து, சூடான இஸ்திரி உருளைக்குள் கொடுப்பார்கள். விரல் நுனிகள் வெந்து வெளுத்திருக்கும். எல்லாம் பிழைக்க வந்த சின்னப் பெண்கள். எட்டிப் பார்க்காதே என்பார் என் வீட்டுக்காரர். என்ன நடந்தது என்று முதலில் கேட்பவரும் அவர்தான்.

போன மழைக்காலத்தில் அந்த உருளையில் கை சிக்கி ஒருத்தி செத்தாள். அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கவே இல்லை என்றுவிட்டார் முதலாளி. அவளுடைய அடையாள அட்டையைப் புதிதாக வந்த சுருட்டை முடிக்காரிக்கு மாட்டிவிட்டார்கள். அங்கே வழக்கமே அதுதான். ஆள் மாறும், அட்டை மாறாது. சோதனையில் பிடிபட்டால் வேலை போகும் என்று சூப்பர்வைசர் மிரட்டியிருந்ததால், சுருட்டை தினமும் வாசலில் படத்தில் இருப்பவளைப் போலவே கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கீழுதட்டை மடித்துக்கொண்டு நுழைவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவுக்கு அனுப்பப் படம் வேண்டும் என்று எங்கள் கீழ்வீட்டு ஸ்டுடியோக்கார அக்காவிடம் வந்தாள். இரவல் கம்மல், கூடவே தோழிகள். நானும் சும்மா இறங்கிப் போனேன்.

"நேரா பாரும்மா" என்றாள் அக்கா.

"நேராத்தான்க்கா பாக்கறேன்."

கழுத்து சாய்ந்திருந்தது. அக்கா நிமிர்த்திவிட்டாள். விளக்கு எரிந்ததும் அது தானாகச் சாய்ந்தது.

படம் கைக்கு வந்தது. செத்தவளோடு ஒரே பாயில் படுத்த நெட்டைச்சிதான் மெதுவாகச் சொன்னாள்: "இது அவதான்டி."

சுருட்டை படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கம்மாவுக்கு என்னை அடையாளம் தெரியுமாக்கா?"

நான் படத்தை வாங்கி அவள் முகத்தருகே வைத்துப் பார்த்தேன்.

மறுநாள் உருளை சுற்றவில்லை. பெண்கள் பழைய அட்டைகளைக் கழற்றி முதலாளியின் கார் பானட்மேல் வைத்தார்கள். அவரவர் முகத்தோடு அட்டை வேண்டும், செத்தவள் இங்கேதான் வேலை பார்த்தாள் என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார்கள்.

"துணி வெளுக்க மூஞ்சி எதுக்கு? கை போதும்" என்றார் முதலாளி.

"அந்தக் கை உள்ள போனப்ப யாரோடதுன்னீங்க?" என்றாள் நெட்டைச்சி.

"வேற ஆள் கொண்டாரத் தெரியாதா எனக்கு?"

"கொண்டாங்க. அவளுக்கும் செத்தவ மூஞ்சியத்தான் மாட்டுவீங்க. அத அவகிட்டயும் சொல்றோம்."

கேட் சாத்தப்பட்டது. யாரும் நகரவில்லை. அக்கா கேமராவோடு தெருவுக்கே வந்துவிட்டாள். ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். சுருட்டையின் முறை வந்ததும் கழுத்து மறுபடி இடப்பக்கம் போயிற்று. நெட்டைச்சி அந்தப் பக்கம் வந்து நெருக்கி உட்கார்ந்தாள். மறுபக்கம் இன்னொருத்தி. பின்னால் மூன்று பேர். சாய இடமில்லை. உள்ளே மடிந்திருந்த உதடு மட்டும் இன்னும் விடவில்லை.

"உன் மூஞ்சி மெதுவா வரட்டும்" என்றாள் அக்கா. "நாங்க இங்கதான இருக்கோம்."