இரண்டு முனைகளும் ஒரு சிவப்புத் தடியும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் ஆண்டு ஆகஸ்டில், காஜா பெராங் என்ற தெருவில் குழாய் பதிக்கச் சாலையின் பாதியைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு திசை வண்டிகள்தான் போகலாம். நடுவில் வளைவு. ஒரு முனையில் வண்டிகளை நிறுத்தி அனுப்ப நின்ற சுப்பையனுக்கு மறுமுனையில் நின்ற உமர் தெரியமாட்டார்.

பொறியாளர் ராஜரத்தினம் விதி எழுதினார். சிவப்புத் தடி யாரிடம் இருக்கிறதோ அவர் வண்டிகளை விடலாம். கடைசி வண்டிக்காரரிடம் தடியை மறுமுனைக்குக் கொடுத்தனுப்ப வேண்டும். பத்து நிமிடம் தடி வராவிட்டால், வழி காலி என்று கொண்டு வண்டிகளை விடலாம்.

தட்டச்சுக்கு வந்த அந்தத் தாளை அலுவலகத் தட்டச்சர் அஸ்மா இரண்டு முறை படித்தாள். கணக்கென்றால் அவளுக்கு உயிர். பின்பக்கத்தில் கட்டங்கள் போட்டாள். தடி எங்கே, சுப்பையன் என்ன செய்கிறார், உமர் என்ன செய்கிறார், வழியில் வண்டி உண்டா, எல்லாவற்றுக்கும் ஓர் எழுத்து. ஒரு நிலையிலிருந்து விதிப்படி எங்கெல்லாம் போகலாமோ அங்கெல்லாம் அம்புக்குறி. சோறு ஆறிப்போனது. பதினேழாவது கட்டத்தில் பென்சில் நின்றது.

"சார், தடி வச்சிருக்கிற லாரி நடுவுல இருக்கிற லோரோங்குச் சந்துக்குள்ள திரும்பிப் போயிட்டா?"

"பத்து நிமிஷம் பார்த்திட்டு விடட்டும் எண்டுதானே எழுதியிருக்கிறன்."

"ரெண்டு பேருமே பத்து நிமிஷம் பார்ப்பாங்க, சார். ரெண்டு பேருமே விடுவாங்க."

ராஜரத்தினம் அம்புகளை விரலால் தொடர்ந்தார். விரல் நின்றது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "ஒரு வண்டியும் ஓடாமலே விபத்தைப் பிடிச்சிட்டீரே!"

அஸ்மா பத்து நிமிட விதியைக் கோடிழுத்து நீக்கினாள். கடைசி வண்டிக்குப் பின்னால் அலுவலகப் பையன் கருணாகரன் சைக்கிளில் தடியைக் கொண்டுபோகட்டும் என்று எழுதினாள்.

"அவன் விழுந்தால்?"

"எல்லாரும் காத்திருப்பாங்க, சார். மோத மாட்டாங்க."

சுதந்திர நாளன்று மழை. உமரின் முனையில் நின்ற பேருந்தில் அஸ்மாவும் இருந்தாள். எதிர்த்திசை வண்டிகள் வந்து முடிந்து பத்து நிமிடமாகியும் தடி வரவில்லை.

"விடுங்க நானா, ஊர்வலம் போயிடும்!" என்று யாரோ உமரைப் பார்த்துக் கத்தினார்கள்.

"தடி வரட்டும்," என்றார் உமர்.

சனங்கள் கொடிகளோடு இறங்கி மழையிலேயே பாடத் தொடங்கினார்கள். கால் மணி நேரம் கழித்து, டயர் வெடித்த சைக்கிளைத் தோளில் சுமந்து, தடியை உயர்த்தியபடி வளைவில் வந்தான் கருணாகரன். "மெர்டேக்கா!" என்று, விடுதலைக்கான மலாய்ச் சொல்லால் கூட்டம் அவனை வரவேற்றது. எல்லாரையும்விட உரக்கக் கத்தியவள் அஸ்மாதான்.

திங்கட்கிழமை ராஜரத்தினம் அவள் நாற்காலியை வரைபட அறைக்கு மாற்றச் சொன்னார்.

"தட்டச்சுக்கு வேற ஆளைப் பார்க்கிறன். நீர் இனி விதிகளை எழுதும்."