முதல் மண்ணை யார் போடுவது

ஊதா நிறப் பூசை உடுப்பை அவர் அலமாரியிலிருந்து உருவியபோது, மீக்கே அதன் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு இது வேண்டாம், சாமி."

வில்பெர்ட் சாமிக்கு எண்பது தாண்டிவிட்டது. லேசாக இழுத்துப் பார்த்தார். துணி வரவில்லை.

"விடு புள்ள. மணி அடிக்கப் போறாங்க."

"அடிக்கட்டும். நீங்க கோட்டோட வந்து முதல் பெஞ்சுல என் பக்கத்துல உக்காருங்க. டவுன் சாமிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், கூப்பிட்டா வந்துடுவாரு. அவரு பூசை வைக்கட்டும். கல்லறையில முதல் மண்ண நீங்க போடுங்க."

அவர் கை துணியிலிருந்து நழுவியது. அவள் என்ன கேட்கிறாள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

மாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் அந்த ஊரில் குழிக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி நிறைய மணலும், அதன் மேல் ஒரு சின்ன மண்வாரியும் வைப்பார்கள். இறந்தவருக்கு மிக நெருங்கியவர் முதலில் வாரிப் போட வேண்டும். கணவன் இருந்தால் கணவன், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மற்றவர்கள். வரிசையை யாரும் ஏற்பாடு செய்வதில்லை. யார் முன்னால் போக வேண்டுமோ அவருக்காக மற்றவர்கள் ஓரடி பின்னால் நகர்ந்து கொடுப்பார்கள். அந்த ஓரடியில் யார் யாருக்கு என்ன முறை என்பது ஊருக்கு விளங்கிவிடும்.

இறந்துபோன ட்ரீகாவுக்கு ஊர் அறிந்த முறை ஒன்றே ஒன்றுதான்: பங்குச் சாமியார் வீட்டுச் சமையல்காரி. மீக்கே, ட்ரீகாவின் செத்துப்போன அக்கா மகள். அதாவது, ஊருக்குச் சொன்னது அப்படி.

பொய் சொல்வது சுலபம். அதை ஒரு வீட்டில் குடிவைப்பதற்குத்தான் தினமும் வேலை இருக்கிறது. சாப்பாட்டு மேசையில் சாமிக்கு ஒரு தட்டு, சமையலறையில் மற்ற இருவருக்கும். மாலையில் ஜன்னல் மறைப்பை இறக்கியதும் மூன்று தட்டும் சமையலறைக்கு வந்து சேரும். வாசல் மணி அடித்தால் அவர் தன் தட்டைத் தானே தூக்கிக்கொண்டு போவார். ட்ரீகா ஏப்ரனைக் கட்டிக்கொள்வாள். பிள்ளை, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில், 'அம்மா'வைச் 'சித்தி'யாக மாற்றிக்கொள்ளும். ஆள் வாசலிலிருந்து நடந்து வருவதற்குள் ஒரு குடும்பம் ஒரு சாமியாராகவும் ஒரு வேலைக்காரியாகவும் ஓர் அநாதையாகவும் பிரிந்து நிற்கும். ஒருநாளும் பிசகியதில்லை. ட்ரீகா எல்லா வேலையையும் சுத்தமாகச் செய்கிறவள்.

"ஜனங்களுக்கு இடறலா இருக்கும் மீக்கே," என்றார் சாமி.

"வருஷா வருஷம் ஜூலையில பஸ் வச்சு எங்கள பிரில்லுக்குக் கூட்டிட்டுப் போவீங்களே, வௌட்டர்ஸ் கதை சொல்ல. அப்ப இடறலா இல்லையா?"

அந்திரேயாஸ் வௌட்டர்ஸ் அவருக்குப் பிடித்த புனிதர். நானூறு வருஷத்துக்கு முந்தைய கிராமத்துச் சாமியார், குடிகாரர், பெண் விஷயத்தில் மோசம், பிள்ளைகளும் உண்டு என்பார்கள். போப்பை எதிர்த்த கலகக்காரர்கள் மற்ற குருக்களோடு அவரையும் பிடித்துப் பிரில் ஊருக்குக் கொண்டுபோய், போப்பை மறுதலித்தால் விட்டுவிடுவதாகச் சொன்னார்கள். உன் யோக்கியதைக்கு இது ஒரு கேடா என்று சிரித்தார்கள். நான் விபசாரக்காரன்தான், ஆனால் விசுவாசத்தை விட்டவன் இல்லை என்று அவர் சொன்னாராம். தூக்கில் போட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் வில்பெர்ட் சாமிக்கு ஒவ்வொரு வருஷமும் குரல் உடையும்.

"அந்த ஆளு பொறுக்கி," என்றாள் மீக்கே. "ஆனா மூஞ்சிக்கு நேரா கேட்டப்ப ஆமான்னான். நீங்க?"

"அவரு கழுத்துல கயிறு இருந்துச்சு. ஒரு நிமிஷத் தைரியம் போதும். எனக்கு மறுநாளும் விடியுதே."

"அம்மாவுக்கு விடியல."

வெளியே மணி அடிக்கத் தொடங்கியது. அவர் துணியை மறுபடி பற்றினார்.

"சொல்றேன்," என்றார். "இன்னைக்குச் சொல்றேன். ஆனா இத உடுத்திக்கிட்டு, என் வழியில சொல்றேன். மண்ணையும் நானே போடுறேன்."

மீக்கே துணியை விட்டாள்.

கோவில் வாசலில் யோஸ் நின்றிருந்தான். ட்ரீகாவின் அண்ணன் மகன். கோவிலையும் சாமியார்களையும் கண்டாலே அவனுக்கு ஆகாது. அதற்கென்று இணையத்தில் ஒரு பக்கம் நடத்துகிறான். கையில் போன்.

"என்னடி, ஐயா உனக்குச் சாமியா அப்பாவா? இன்னைக்காவது முடிவாகுமா?"

"போன உள்ள வை, யோஸ்."

"எதுக்கு வைக்கணும்? இவனுங்க லட்சணம் நாடு முழுக்கத் தெரியட்டும். அத்தைக்கு நியாயம் வேண்டாமா?"

"அத்தைய நீ கடைசியா எப்ப வந்து பாத்த?"

"அது வேற கதை."

"அதேதான் கதை. வௌட்டர்ஸத் தொங்கவிட்டவனுங்களும் அந்தாளோட பொம்பளைங்கள வச்சுத்தான் சிரிச்சானுங்க. போப்ப மட்டும் திட்டியிருந்தா தோள்ல கைபோட்டு அனுப்பியிருப்பானுங்க. அந்தப் பொம்பளைங்க யாரு, என்ன ஆனாங்கன்னு ஒருத்தன் கேட்டானா?"

"நீ இப்ப யாரு பக்கம்?"

அவள் உள்ளே போனாள். அம்மாவின் பக்கம் நிற்க அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாசகம் முடிந்ததும் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். வௌட்டர்ஸில் தொடங்கினார். பிறகு, "நானும் விழுந்தவன்," என்றார். ஊரே நிமிர்ந்தது. "பீடத்துல நின்னு உங்களுக்குப் போதிச்சவன் முப்பது வருஷத்துக்கு மேல பாவத்துல இருந்தேன். ஒரு சோதனை வந்தது, நான் பலவீனன், தோத்துட்டேன். முதல் பெஞ்சுல உக்காந்திருக்கறது என் மக." குரல் உடைந்தது. சரியாக அந்த இடத்தில்தான் உடைந்தது.

மீக்கே அம்மாவின் பெயருக்காகக் காத்திருந்தாள். சோதனை வந்தது. பலவீனம் வந்தது. விழுந்தது, எழுந்தது, ஆண்டவரின் இரக்கம், எல்லாம் வந்தது. அவர் மூட்டுக்கு எண்ணெய் தேய்த்தவள் வரவில்லை. ஆயர் விருந்துக்கு வந்தால் பின்படிக்கட்டு வழியாக மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு, சிரித்த முகத்தோடு சூப் பரிமாறியவள் வரவில்லை. பிரசவத்துக்கு வேறு ஊருக்குத் தனியாகப் பஸ் ஏறிப் போனவள் வரவில்லை. பெட்டிக்குள் ஒரு மனுஷி படுத்திருக்க, அவர் தன் பாவத்துக்குப் பூசை வைத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. பூசை முடிந்ததும் ரொட்டிக் கடைக்கார அம்மாள் அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு பெரிய மனசு சாமி உங்களுக்கு," என்றாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. பெட்டியைத் தூக்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் வழி கிடைக்காமல் காத்து நின்றார்கள்.

யோஸ் அவள் தோளைத் தட்டினான். அவன் கண்ணும் சிவந்திருந்தது.

"எனக்கு இவனுங்கள ஆகாது, தெரியும்ல. ஆனா ஒத்துக்கணும்டி. ஆளு தைரியசாலி. வீடியோ போட்ட உடனே எவ்வளவு பேரு பாக்கறாங்க பாரு."

மீக்கே பெட்டிக்குப் பின்னால் போய் நின்றாள்.

கல்லறையில் பெட்டியை இறக்கினார்கள். எல்லோரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். யாரும் சொல்லாமலே, ஒரே சமயத்தில், வில்பெர்ட் சாமிக்காக நகர்ந்தார்கள். காலையில் அவள் கேட்டது இதைத்தான். அவர் கையை நீட்டினார். மண்வாரி மீக்கேவின் கையில் இருந்தது.

"பேரச் சொல்லுங்க," என்றாள்.

"என்ன?"

"உள்ள இருக்கறவங்க பேரு. இன்னும் நீங்க சொல்லவே இல்ல."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு பழக்கத்தில் கையை உயர்த்தி, "நம் சகோதரி ஹென்ட்ரிகா..." என்று தொடங்கினார்.

"அது ஞானஸ்நானப் பேரு. செபப் புத்தகத்துல எழுதி வச்சு யாரு வேணா வாசிக்கலாம்."

"வயசானவர விடும்மா," என்றது ஒரு குரல். "இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றது இன்னொன்று. யோஸ் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாக நகர்ந்தான். மீக்கே திரும்பவில்லை. மண்வாரியையும் கொடுக்கவில்லை.

சாமியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கோவிலில் கடைசிப் பெஞ்சு வரை கேட்ட குரல் அது. மறுபடி முயன்றார்.

"ட்ரீகா," என்றார்.

பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்கு மேல் யாருக்கும் கேட்டிருக்காது. "என்ன சொன்னாரு?" என்று பின்னால் யாரோ கேட்டார்கள்.

மீக்கே மண்வாரியை அவரிடம் கொடுத்தாள்.

அவர் குனிந்து வாரினார். முந்தின நாள் மழையில் மணல் நன்றாக ஊறியிருந்தது. குழிக்கு மேல் நீட்டிக் கவிழ்த்தார், விழவில்லை. உலுக்கினார், ஓரத்தில் கொஞ்சம் உதிர்ந்தது. ஊதா உடுப்பின் கை வழுக்கி விரல்களை மூடியது. அதை ஒதுக்கிவிட்டு, மண்வாரியின் முதுகில் உள்ளங்கையால் தட்டினார். ரொட்டிக் கடைக்கார அம்மாள் உதவிக்கு ஓரடி எடுத்து வைத்தாள்.

மீக்கே கையைக் குறுக்கே நீட்டி அவளை நிறுத்தினாள்.

அவர் மறுபடி தட்டினார்.