எல்லாக் கடையிலும் இருந்தவர்

மளிகைக்கடைக்காரர் இரண்டாவது கடையைத் திறந்த அன்று காலை இரண்டு கடையிலும் அவரே இருந்தார். பழைய கடையில் வழக்கம்போல ஷட்டரைத் தூக்கிவிட்டு அழுகின வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அதே நேரத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டிய ஊரில், புதுக் கடையின் முதல் வாடிக்கையாளருக்குச் சர்க்கரை நிறுத்துக் கொடுத்தார். இரண்டு இடத்திலும் அவரைப் பார்த்தவர் சரக்கு இறக்கப் போன லாரி டிரைவர்தான். அவர் திரும்பி வந்து சொன்னபோது, அந்த வாரம் எண்ணெய் விலை ஏறியிருந்ததால், யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைக்காரரின் தம்பி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப மேனேஜர் சம்பளம் மிச்சம்" என்றான்.

தம்பிக்கு இடம் பார்ப்பதில் தனிக் கெட்டிக்காரத்தனம் இருந்தது. ஆஸ்பத்திரி வரப்போகிற தெரு, பஸ் நிற்கப்போகிற மூலை எல்லாம் அவன் மூக்குக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும். அவன் போய்ப் பேசி முடித்து, அலமாரி அடித்து, போர்டு மாட்டிவிட்டு வருவான். மறுநாள் காலையில் அண்ணன் அங்கே கல்லாவுக்குப் பின்னால் நிற்பார். அந்தந்தக் கடைக்காரர் அந்தந்தக் கடையிலேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்வார். பழைய கடையில் நின்றவர் மட்டும் கடை சாத்தியதும், இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு வருவார். பல ஊர்களில் ஜனங்கள் அவர் கடையைத்தான் தேடிப் போனார்கள், ஏனென்றால் முதலாளியே நின்று நிறுத்துக் கொடுக்கிற கடை அது ஒன்றுதான் என்று ஒவ்வொரு ஊரும் நம்பியது.

ஆனால் எதையும் பங்கு போட்டால் பாகம் குறையத்தானே செய்யும். அதை முதலில் கண்டவள் அவர் மனைவி. ஆரம்ப வருஷங்களில் அவளும் கடையில் உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்கியவள், அவர் சீழ்க்கையடித்துக்கொண்டே பொட்டலம் கட்டுவதைப் பக்கத்திலிருந்து கேட்டவள். மூன்றாவது கடை திறந்த வாரத்தில் அந்தச் சீழ்க்கை நின்றது. நான்காவது கடையோடு கேலி போனது. ஐந்தாவதோடு, சாப்பாட்டில் உப்புக் குறைந்தால் வரும் கோபமும் போனது. "பேசினா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?" என்று அவள் சீண்டிப் பார்த்தாள். அவர் நல்லவிதமாகத் தலையாட்டிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

மகள் படிக்கப் போன ஊரில் ஆறாவது கடை இருந்தது. அங்கிருந்து ஒருநாள் போன் செய்தாள். "அம்மா, இங்க அப்பா எவ்ளோ பேசுறாரு தெரியுமா! நான் பொறந்த அன்னிக்கு மழையில சைக்கிள் மிதிச்ச கதையெல்லாம் சொன்னாரு."

"அப்படியா?" என்றாள் தாய். "எங்கிட்ட சொல்லி ரொம்ப வருஷமாச்சு."

மறுநாள் அவள் பஸ் ஏறி மூன்றாவது கடைக்குப் போனாள். பிஸ்கட் அலமாரி ஓரமாக நின்று, அவர் சீழ்க்கையடிப்பதை ஆசை தீரக் கேட்டாள். அவர் அவளைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர்ந்து, ஸ்டூல் எடுத்துப் போட்டு, டீ வாங்கிவரச் சொன்னார். "என்ன இந்தப் பக்கம்?"

"வீட்டுக்கு வாங்களேன்," என்றாள்.

"வீட்டுலதான் நான் இருக்கேன்ல?" என்றார் அவர். அதற்குள் யாரோ அரிசி கேட்டார்கள். அவள் ஒரு சோப்பு வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பதினெட்டாவது கடை திறந்த வருஷம், பழைய கடை வாசலில் லாரி திரும்ப இடமில்லை என்று தம்பி அதை மூடிவிட்டான். அங்கே நின்றவர் என்ன ஆவார் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

"அண்ணன் எங்கயும் போயிடல அண்ணி," என்றான் தம்பி. "பதினேழு ஊர்ல இருக்காரே."

"இருக்காரு. இங்க ஒருத்தர் இருந்தாரே, அவரு?"

தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் கெட்டவன் இல்லை. மாதம் பிறந்தால் வேன் நிறைய அரிசியும் எண்ணெயும் அனுப்பி வைத்தான். ஒரு ஆளுக்கு அது ஒரு வருஷத்துக்குக் காணும். அவள் கடை கடையாகப் போன் செய்தாள். ஒவ்வொருவரும் சூதுவாது தெரியாமல், "வீட்டுலதான் நான் இருக்கேன்ல?" என்றார்கள். ஒரே ஒரு கடைக்கு, சீழ்க்கையடிக்கிறவரிடம், நேரில் போய் உண்மையைச் சொன்னாள். அவர் ஏப்ரனை அவிழ்த்து வைத்துவிட்டு வாசல்வரை வந்தார். தெருவில் வைக்கத் தூக்கிய கால் கீழே இறங்கவில்லை. எவ்வளவோ முயன்றும் அது அந்தரத்திலேயே நின்றது. உள்ளே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசுக்குத் திரும்பினார். அன்று முழுக்க அந்தக் கடையில் எல்லாருக்கும் எடை கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது.

இதற்குப் பிறகு அவள் சும்மா இருக்கவில்லை. வீட்டின் முன்னறையில் இருந்த நாற்காலிகளை உள்ளே தள்ளினாள். தச்சரைக் கூப்பிட்டுத் தெருப்பக்கத்து ஜன்னலை இடித்து அகலமாக்கிப் பலகை வைத்தாள். வேனில் வந்த மூட்டைகளை வரிசையாக அடுக்கித் தராசு வாங்கி வைத்தாள். தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணி, உங்களுக்கு என்ன குறை? இதெல்லாம் எதுக்கு?" என்றான்.

"எனக்கு ஒரு கடை வேணும். உங்க கடைங்க போர்டையே மாட்டிக் குடுங்க."

"இந்த முட்டுச் சந்துல யாரு வாங்குவா?"

"நான் வாங்குவேன்."

தம்பி ஆளை அனுப்பாமல் தானே ஸ்டூல் மேல் ஏறி போர்டை மாட்டினான். இறங்கிய பிறகும் கிளம்பாமல் மூட்டை மேல் உட்கார்ந்திருந்தான். "அண்ணன் என்னையும் சீழ்க்கையடிச்சுத்தான் கூப்பிடுவாரு," என்றான்.

மறுநாள் காலையில் அவள் சமையலறையில் இருந்தபோது, தராசுத் தட்டில் அரிசி விழும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தாள். அவர் நின்றுகொண்டிருந்தார். பதினேழு பங்குக்குப் பிறகு மிச்சம் அதிகம் இல்லை. ஜன்னல் வெயில் பட்டபோது அவர் சட்டைக்குப் பின்னால் இருந்த சோப்பு அடுக்கு லேசாகத் தெரிந்தது. அவள் காலடி கேட்டுத் திரும்பி, மரியாதையாக, "வாங்கம்மா. சாமான் வேணும்னா முன்பக்கமா வாங்க," என்றார்.

அவள் உள்ளே போய்த் தரையில் உட்கார்ந்து அழுதாள். அடுப்பில் வைத்திருந்தது தீய்ந்த வாடை வந்த பிறகுதான் எழுந்தாள். முகம் கழுவி, பையை எடுத்துக்கொண்டு, பின்கதவு வழியாக இறங்கி, தெருவைச் சுற்றிவந்து தன் வீட்டு ஜன்னல் முன்னால் நின்றாள்.

"கால் கிலோ சர்க்கரை."

அவர் நிறுத்து, மடித்து, நூல் சுற்றிக் கொடுத்தார். "வேற?"

வேறு என்ன வேண்டும் என்று அவளை யாரும் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. துவரம்பருப்பு என்றாள். "வேற?" கல்லுப்பு என்றாள். "வேற?" தீப்பெட்டி. இப்படியே பை நிறைந்து, பலகை நிறைந்து, உச்சி வெயிலும் வந்துவிட்டது. அவர் சலித்துக்கொள்ளவே இல்லை.

தம்பி அதற்கப்புறமும் கடைகள் திறந்தான். அவை நன்றாகவே ஓடின. சந்துக் கடையை இப்போது அந்தத் தெருக்காரர்களும் நம்பி வருகிறார்கள். கடைக்காரர் அதிகம் பேசமாட்டார், ஆனால் எடை சுத்தம் என்கிறார்கள். வீட்டுக்காரம்மா தினமும் பின்கதவு வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வருவாள். முன்னால் ஆள் இருந்தால் வரிசையில் நிற்பாள்.